அப்டேட்டை எப்போது போடுவது: அணைக்கும்போதா, தொடங்கும்போதா, தானாகவா?

#1 லேப்_வாத்தியார்

வணக்கம் நண்பர்களே. பள்ளியில் கணினி ஆய்வகம் என் பொறுப்பு. எப்போது அப்டேட் போட வேண்டும் என்று ஒரு பக்கத்துக்கு விதிமுறை எழுதித் தரச் சொல்லி தலைமையாசிரியர் கேட்டிருக்கிறார். எழுத உட்கார்ந்தால் ஒவ்வொரு நேரத்துக்கும் ஒரு தடை வந்து நிற்கிறது.

எந்த ஓஎஸ் (இயங்குதளம்) என்று வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. சொன்னால் மூன்றாவது பதிவிலேயே விண்டோஸ், லினக்ஸ் சண்டை தொடங்கி என் கேள்வி கீழே போய்விடும். இரண்டும் கலந்து இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாலையில் அணைக்கும்போது போடலாம் என்றால் லேப் உதவியாளர் பூட்டிவிட்டு பஸ் பிடிக்க வேண்டும். காலையில் ஆன் செய்யும்போது என்றால் முதல் பீரியட் பிள்ளைகள் திரையில் சுற்றும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இடையில் தானாக நடக்கட்டும் என்று விட்டால் செய்முறைத் தேர்வு நாளை நினைத்துப் பயமாக இருக்கிறது. இரவில் ஓடட்டும் என்றால் வாட்ச்மேன் மெயின் சுவிட்சை அணைத்துவிடுவார். அது பள்ளியின் பழைய வழக்கம்.

ஒரு ஓஎஸ் இவற்றில் எதைச் செய்வது நியாயம்? உங்கள் இடங்களில் எப்படி?

#2 டெர்மினல்_தம்பி

அணைக்கும்போதுதான் சார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? வேலை முடிந்துதானே ஆள் அணைக்கிறார். அவர் பாட்டுக்குக் கிளம்பிவிடுவார், அது பாட்டுக்குப் போட்டுவிட்டு அணைந்துவிடும். யாருக்கும் நஷ்டம் இல்லை.

#3 நல்லூர்வாசி

தம்பி கரண்ட் போகாத ஊரில் இருக்கிறார் போல. 2022 மார்ச் கடைசியில் இலங்கையில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. எந்தப் பகுதிக்கு எத்தனை மணிக்கு என்று அட்டவணை போட்டுத்தான் வெட்டினார்கள். அந்த நாட்களில் நாங்கள் டெஸ்க்டொப்பை அணைத்ததே இன்னும் கொஞ்ச நேரத்தில் கரண்ட் போகப்போகிறது என்பதால்தான். அந்த நேரம் பார்த்து 'அப்டேற் நடக்கிறது, அணைக்க வேண்டாம்' என்று திரையில் வந்தால் ஆரிடம் போய் முறையிடுவது?

லாப்டொப்பும் அப்படித்தான். வெளிக்கிடுகிற அவசரத்தில் அணைத்து மூடிப் பைக்குள் வைக்கிறோம். அது பைக்குள்ளே சூடேறிக்கொண்டு அப்டேற் போட்டால், பற்றரி நடுவில் முடிந்தால், பிறகு அது திரும்ப எழும்புமா என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. ஆள் எழும்பிப் போகிறார் என்பதை வைத்து, மெஷினுக்கு இன்னும் அரை மணித்தியாலம் கரண்ட் கிடைக்கும் என்று ஓஎஸ் எப்படி நம்பலாம்?

#4 ஆடிட்டர்_ஆபீஸ்

எங்களுக்கு மணி பிரச்சினை இல்லை, தேதிதான் பிரச்சினை.

மைக்ரோசாஃப்ட் 2003 அக்டோபரிலிருந்து மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமைதான் பாதுகாப்பு பேட்ச்களை, அதாவது ஓட்டை அடைக்கும் அப்டேட்களை, வெளியிடுகிறது. அமெரிக்க மேற்குக் கரையில் காலை 10 மணிக்கு. இந்தியாவில் அப்போது இரவு பத்தரை, அங்கே குளிர்காலமாக இருந்தால் பதினொன்றரை. ஆகவே நமக்கு அது புதன்கிழமை காலை ஆபீஸ் திறக்கும்போது வந்து நிற்கிற சரக்கு. இரண்டாவது செவ்வாய் 8ஆம் தேதிக்கும் 14ஆம் தேதிக்கும் இடையில்தான் விழும். மாதாமாதம் தாக்கல் செய்கிறவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 என்ற ஜிஎஸ்டி படிவத்துக்குக் கடைசி நாள் 11. கணக்குப் போட்டுப் பாருங்கள், எத்தனை மாதங்களில் இரண்டும் உரசும் என்று. அது முடிந்தால் 20ஆம் தேதி அடுத்த படிவம், 3பி.

நாங்கள் செய்வது எளிது. மாதம் 7ஆம் தேதி எல்லா மெஷினிலும் அப்டேட்டை நிறுத்திவைக்கிறோம், 21ஆம் தேதி திறந்துவிடுகிறோம். விண்டோஸ் ஹோம் பதிப்பில் இப்படி நிறுத்திவைக்கும் வசதி 2019 மே மாத வெளியீட்டில்தான் வந்தது. ஒரு முறைக்கு ஏழு நாள், நீட்டித்துக்கொண்டே போனால் 35 நாள் வரை. 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது வீட்டுப் பயனாளிக்கு அதுவும் கிடையாது. அதனால் என் பதில்: எப்போது போடலாம் என்று ஓஎஸ் ஊகிக்க வேண்டாம், எப்போது போடக் கூடாது என்று என்னிடம் கேட்டால் போதும்.

#5 செர்வர்_ரூம்

வாத்தியார் ஐயா, உங்கள் கேள்வியில் மூன்று வேலைகள் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன. தரவிறக்குவது ஒன்று. கோப்புகளை வட்டில் எழுதுவது இன்னொன்று. பழையதை விட்டுப் புதியதற்கு மாறுவது மூன்றாவது. முதல் வேலை நடப்பதே ஆளுக்குத் தெரியக் கூடாது. இரண்டாவதும் ஒழுங்காகக் கட்டப்பட்ட சிஸ்டத்தில் தெரிய வேண்டியதில்லை. மனிதர் எழுந்து நிற்க வேண்டியது மூன்றாவதற்கு மட்டும்தான், அது ஒரு சாதாரண ரீஸ்டார்ட் எடுக்கிற நேரம். இன்றைய எரிச்சல் பாதிக்கு மேல் வருவது இரண்டாவது வேலையையும் மூன்றாவதோடு சேர்த்து நம் தலையில் கட்டுவதால்தான்.

ஏன் சேர்க்கிறார்கள் என்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் உண்டு. விண்டோஸில் ஒரு நிரல் திறந்துவைத்திருக்கும் டிஎல்எல் (நிரல்கள் பகிர்ந்துகொள்ளும்) கோப்பின் மேல் புதியதை எழுத முடியாது, அது பூட்டப்பட்டிருக்கும். அதனால் 'அடுத்த முறை தொடங்கும்போது இதை மாற்று' என்று ரெஜிஸ்ட்ரி என்ற தன் அமைப்புக் குறிப்பேட்டில் ஒரு பட்டியல் எழுதிவைத்துவிட்டு ரீஸ்டார்ட்டுக்காகக் காத்திருக்கும். பாதி வேலை அணையும்போதும் மீதி தொடங்கும்போதும் நடப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அணையும்போது 30 சதவீதம் வரை ஓடி, திரும்ப ஆன் ஆகும்போது அங்கிருந்து தொடரும்.

இன்னொரு விஷயம், லேப்புக்கு முக்கியமானது. விண்டோஸ் 8 வந்ததிலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று ஒன்று இருக்கிறது. அது இயங்கினால், நீங்கள் ஷட்டவுன் கொடுக்கும்போது ஓஎஸ்ஸின் மையமான கர்னல் முழுதாக அணைவதில்லை. அதன் நிலை அப்படியே வட்டில் சேமிக்கப்பட்டு, மறுநாள் அங்கிருந்து எழும். 'தினமும் சாயங்காலம் அணைக்கிறோமே, அதுவே ரீஸ்டார்ட்தானே' என்று நினைக்கிறவர்கள் நிறைய. ரீஸ்டார்ட் என்ற பொத்தானை அழுத்தினால்தான் அது உண்மையான ரீஸ்டார்ட்.

#6 டெர்மினல்_தம்பி

அண்ணா, நீங்களே சொல்லிவிட்டீர்கள். பூட்டு விண்டோஸில்தான். லினக்ஸில் ஓடிக்கொண்டிருக்கும்போதே கோப்பை மாற்றலாம். ஆப்ட் அப்கிரேட் என்ற அப்டேட் கட்டளையை அடித்துவிட்டு நான் பாட்டுக்கு வேலை பார்க்கிறேன். கர்னல் மாறினால் மட்டும் ரீஸ்டார்ட். அப்படியானால் 'எப்போது' என்ற கேள்வியே லினக்ஸுக்குப் பொருந்தாதே!

(சண்டை தொடங்கவில்லை வாத்தியாரே, சந்தேகம் மட்டும்.)

#7 செர்வர்_ரூம்

பொருந்தும் தம்பி. லினக்ஸில் கோப்பின் பெயர் புதிய கோப்பைக் காட்டத் தொடங்கும். ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரல் பழைய கோப்பையே பிடித்துக்கொண்டிருக்கும். ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க நூலகத்தில் ஓட்டை அடைத்தாயிற்று என்று ஆப்ட் சொல்லும். காலையிலிருந்து ஓடும் வெப் சர்வர் மெமரியில் இன்னமும் ஓட்டை உள்ள பழையதுதான் இருக்கும். டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளில் நீட்ரீஸ்டார்ட் என்ற கருவி இருப்பதே எந்தெந்த சர்வீஸ் இப்படிப் பழையதைப் பிடித்துத் தொங்குகிறது என்று காட்டத்தான்.

டெஸ்க்டாப்பில் இன்னும் கண்கூடு. ஃபயர்ஃபாக்ஸ் ஓடும்போதே அதன் பேக்கேஜை மாற்றிப் பாருங்கள். அடுத்த டேப் திறந்தால் 'தொடர வேண்டுமானால் ரீஸ்டார்ட் செய்யுங்கள்' என்று ஒரு பக்கம் வரும். பாதி பழையது, பாதி புதியது என்று கலந்து ஓடினால் என்ன ஆகும் என்று அதை எழுதியவர்களுக்கே உறுதி சொல்ல முடியாது, அதனால் நிறுத்திவிடுகிறார்கள்.

இதனால்தான் ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸ் 2013 ஜனவரியில் வந்த 18ஆம் பதிப்பிலேயே 'ஆஃப்லைன் அப்டேட்' என்ற முறைக்குப் போனது. பேக்கேஜ்களை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும். அடுத்த முறை பூட் ஆகும்போது (தொடங்கும்போது) சிஸ்டம்டி என்ற தொடக்க நிரல் ஒரு அடையாளக் கோப்பைப் பார்த்து, டெஸ்க்டாப் எதுவும் இல்லாத சின்னச் சூழலில் நின்று நிறுவும். முடிந்ததும் இன்னொரு முறை பூட். லினக்ஸ்காரர்கள் பலர் 'இது என்ன விண்டோஸ் மாதிரி' என்று திட்டினார்கள், இன்றும் திட்டுகிறார்கள். என் கருத்தில் அது சரியான முடிவு.

#8 புதியவள்_22

சரி, ஒரு கேள்வி. ஃபெடோராக்காரர்கள் ஏன் அணையும்போது செய்யாமல் பூட் ஆகும்போது செய்கிறார்கள்? நல்லூர்வாசி சொன்ன கரண்ட் காரணமா?

#9 செர்வர்_ரூம்

கரண்ட் ஒரு பங்கு. பெரிய காரணம், அணையும்போது சிஸ்டம் கலைந்த நிலையில் இருக்கிறது. சில சர்வீஸ் நின்றிருக்கும், சில தொங்கிக்கொண்டிருக்கும், மவுன்ட் செய்த (இணைத்த) வட்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருக்கும். அப்போது நிறுவினால் ஒவ்வொரு முறையும் சூழல் வேறு. புதிதாக பூட் ஆனால் என்ன ஓடுகிறது, எது ஓடவில்லை என்று முன்பே தெரியும்.

ஆனால் பயனாளி பார்வையில் பூட் நேரம் மோசம், வாத்தியாரின் முதல் பீரியட் சிக்கல். நோம் என்ற லினக்ஸ் டெஸ்க்டாப்பில் இதற்கு ஒரு நல்ல சமரசம் இருக்கிறது. பவர் ஆஃப் கொடுக்கும்போது 'காத்திருக்கும் அப்டேட்களை நிறுவு' என்று ஒரு டிக் பெட்டி வரும். டிக் செய்தால் மெஷின் தானே ரீஸ்டார்ட் ஆகி, சுத்தமான சூழலில் நிறுவி, பிறகு அணையும். ஆளுக்கு அது அணைத்துவிட்டுப் போனது போலத்தான். அவசரம் என்றால் டிக்கை எடுத்துவிடலாம். பேட்டரி குறைவாக இருந்தால் எச்சரிக்கும். நல்லூர்வாசி கேட்டதும் இதுதானே?

#10 நல்லூர்வாசி

ஓம், டிக் பெட்டி இருந்தால் எனக்குச் சண்டை இல்லை. கேட்காமல் தொடங்குவதுதான் பிரச்சினை.

#11 பழைய_பென்டியம்

எல்லாரும் எப்போது, எப்போது என்கிறீர்கள். 'எப்போதுமே வேண்டாம்' என்ற பதிலை ஏன் ஒருவரும் எடுக்கவில்லை?

2018 அக்டோபர் 2 அன்று விண்டோஸ் 10இன் 1809 பதிப்பு வந்தது. ஆவணங்கள் ஃபோல்டரை வேறு இடத்துக்கு மாற்றிவைத்திருந்த சிலருக்கு அதிலிருந்த கோப்புகளையே அழித்துவிட்டது. சில நாளில் நிறுத்தினார்கள், நவம்பர் 13 அன்று திருத்தி மறுபடி விட்டார்கள். அவசரப்பட்டு முதல் வாரமே போட்டவர்கள்தான் இழந்தார்கள்.

2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கிறதா? கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் அப்டேட். இந்திய நேரம் காலை 9:39க்கு வெளியானது, 10:57க்குத் திரும்பப் பெற்றார்கள். அந்த 78 நிமிடத்தில் ஆன்லைனில் இருந்த பாவத்துக்கு உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் நீலத் திரையோடு முடங்கின. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அன்று காலை மெஷினை அணைத்துவைத்திருந்த சோம்பேறிதான் புத்திசாலி.

அப்புறம் எக்ஸ்இசட். 2024 மார்ச் 29. லினக்ஸ் உலகில் கோப்புகளைச் சுருக்க உதவும் அந்தச் சின்ன நூலகத்தில், 5.6.0, 5.6.1 பதிப்புகளில், பின்வாசல் வைத்திருந்தார்கள். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் (தரவுத்தள மென்பொருள்) டெவலப்பர் எஸ்எஸ்எச் என்ற தொலைநிலை லாகின் அரை நொடி தாமதமாவதைக் கவனித்துத் தோண்டியதால் வெளியே வந்தது. யார் மாட்டிக்கொள்ள இருந்தார்கள்? புதியதை உடனுக்குடன் இழுக்கும் டெபியன் டெஸ்டிங், ஃபெடோரா ராஹைட் ஆட்கள். பழைய பதிப்போடு உட்கார்ந்திருந்த டெபியன் ஸ்டேபிள் நிம்மதியாகத் தூங்கியது.

#12 வார்டு_ஐடி

பென்டியம் அண்ணன் சொன்ன மூன்றும் உண்மை. நான்காவதை விட்டுவிட்டார்.

கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை புழு நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்றே பேட்ச் கொடுத்துவிட்டது. தாக்குதல் வந்தது மே 12. கிட்டத்தட்ட இரண்டு மாதம் அந்த மருந்து அலமாரியில் இருந்தது. இங்கிலாந்தின் பொது சுகாதாரச் சேவையில் 236 டிரஸ்ட்களில் (நிர்வாக அமைப்புகளில்) குறைந்தது 81 பாதிக்கப்பட்டதாக அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் சொன்னது. ஆம்புலன்ஸ்களைத் திருப்பி அனுப்பினார்கள், ஆயிரக்கணக்கான அப்பாயின்ட்மென்ட்கள் ரத்தாயின. அங்கேயும் யாரோ 'ஓடுகிறதே, எதற்குத் தொட வேண்டும்' என்றுதான் சொல்லியிருப்பார்கள். பாதிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை பழைய விண்டோஸ் எக்ஸ்பி கூட இல்லை, அப்போது பேட்ச் கிடைத்துக்கொண்டிருந்த விண்டோஸ் 7.

நான் ஒரு மருத்துவமனையில் ஐடி பார்க்கிறேன். எங்களிடம் ஸ்கேன் மெஷினோடு வந்த கணினிகள் உண்டு, அவற்றை விற்றவர் அனுமதி இல்லாமல் தொடவே முடியாது. அவற்றை நெட்டிலிருந்து பிரித்துத் தனியாக வைத்திருக்கிறோம். அதாவது, அப்டேட் போடாமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு, ஆனால் அதற்குக் கேபிளைக் கழற்ற வேண்டும். கேபிளும் வேண்டும், அப்டேட்டும் வேண்டாம் என்றால் பக்கத்து வார்டுக்கும் சேர்த்து நீங்கள் முடிவு செய்கிறீர்கள்.

#13 செர்வர்_ரூம்

இரண்டு பக்கமும் சரியாக இருப்பதால்தான் இடைவெளி விட்டுப் போடுகிற வழக்கமே வந்தது. பேட்ச் வெளியான அன்றே தாக்குகிறவர்களும் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து எந்த ஓட்டையை அடைத்தார்கள் என்று பார்க்கத் தொடங்குவார்கள். அதனால் காத்திருக்கலாம், நாள் கணக்கில். மாதக் கணக்கில் காத்திருந்தால் வார்டு_ஐடி சொன்ன கதை.

பெரிய கம்பெனிகளே இதைத்தான் செய்கின்றன. ஐஃபோனில் தானியங்கி அப்டேட் ஆன் செய்திருந்தாலும் உடனே வராது. முதலில் செட்டிங்ஸில் போய்த் தேடிப் போடுகிறவர்களுக்குக் கொடுத்து, அவர்கள் அனுபவத்தைப் பார்த்து, ஒன்று முதல் நான்கு வாரம் கழித்துத்தான் மற்றவர்களுக்கு என்று ஆப்பிளின் கிரேக் ஃபெடரிகி 2022இல் ஒரு பயனாளிக்கு எழுதிய பதிலில் சொன்னார். உபுண்டுவும் சாதாரண அப்டேட்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திறக்கும். இன்று உங்களுக்கு வந்தது பக்கத்து மெஷினுக்கு நாளை வரலாம். பாதுகாப்பு அப்டேட்களுக்கு மட்டும் அந்த வரிசை கிடையாது.

கிரவுட்ஸ்ட்ரைக் விஷயத்தில் ஒரு திருத்தம். அது ஓஎஸ் அப்டேட் இல்லை, பாதுகாப்பு மென்பொருளின் தகவல் கோப்பு. மென்பொருளின் புதிய பதிப்பைத் தள்ளிப்போட வாடிக்கையாளருக்கு வசதி இருந்தது, இந்தக் கோப்புக்கு இல்லை. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் போனதுதான் அன்றைய கோளாறு. பென்டியம் அதை வைத்து 'அப்டேட்டே வேண்டாம்' என்கிறார். எனக்கு அது 'ஒரே மூச்சில் அனுப்பாதே' என்பதற்கான சாட்சியாகத்தான் தெரிகிறது.

#14 பழைய_பென்டியம்

ஒப்புக்கொள்கிறேன், பாதி. ஆனால் அந்த 'காத்திருக்கும் வரிசையில்' என்னை எங்கே நிறுத்துவது என்று நான் சொல்ல வேண்டும். என் மெஷின், என் காசு. 2016இல் கலிபோர்னியாவில் ஒரு பயண ஏஜென்சி நடத்தும் பெண்மணி, தான் அனுமதிக்காமலே விண்டோஸ் 10 ஏறித் தன் ஆபீஸ் கணினி கெட்டது என்று வழக்குப் போட்டு 10,000 டாலர் வாங்கினார். மைக்ரோசாஃப்ட் மேல்முறையீட்டைக் கைவிட்டது. கோர்ட்டே கேட்ட கேள்வி அது.

#15 ஆடிட்டர்_ஆபீஸ்

அந்த வழக்கு புதிய ஓஎஸ்ஸையே ஏற்றியது பற்றி. மாதாந்திர பேட்சையும் அதையும் ஒரே மூட்டையில் கட்டக் கூடாது. எனக்கு ஒரு நாள்கூடப் பொறுக்க முடியாத பேட்ச் இருக்கும், ஒரு வருஷம் வராவிட்டாலும் பரவாயில்லை என்கிற புது ஸ்டார்ட் மெனுவும் இருக்கும். இரண்டையும் ஒரே பொத்தானில் வைப்பதால்தான் ஜனங்கள் பொத்தானையே வெறுக்கிறார்கள். ஓட்டையை அடைக்க வந்தவன் வரவேற்பறைச் சோஃபாவையும் இடம் மாற்றிவிட்டுப் போனால் அடுத்த முறை கதவைத் திறப்போமா?

#16 புதியவள்_22

என் போனில் இந்தத் தொல்லையே இல்லையே! அப்டேட் எப்போது போட்டது என்றே தெரியாது. 'ரீஸ்டார்ட் செய்யவா' என்று மட்டும் கேட்கும், செய்தால் வழக்கமான நேரம்தான் எடுக்கும். கணினியில் இதை ஏன் செய்ய முடியாது?

#17 செர்வர்_ரூம்

அருமையான கேள்வி, இழையில் இதுவரை வந்ததிலேயே.

ஆண்ட்ராய்டு 7.0இல், 2016இல், ஏ/பி முறை வந்தது. முதலில் பிக்ஸல் போன்களில். சிஸ்டத்துக்கு இரண்டு இடம். நீங்கள் ஏ-யில் ஓடும்போது புதியது பி-யில் எழுதப்படும். ரீஸ்டார்ட் செய்தால் பி-யிலிருந்து பூட் ஆகும். பி எழவில்லை என்றால் தானாக ஏ-வுக்கே திரும்பும். குரோம் ஓஎஸ் இதை அதற்கு முன்பே செய்துகொண்டிருந்தது. நான் முதலில் சொன்ன மூன்று வேலைகளில் இரண்டாவது முழுக்கத் திரைக்குப் பின்னால் போய்விடுகிறது. நல்லூரில் நடுவில் கரண்ட் போனாலும் பழையது அப்படியே இருக்கும்.

கணினியில் இது கடினம். சிஸ்டம் ஃபோல்டருக்குள் அச்சுப்பொறி டிரைவர், ஆன்டிவைரஸ், டிஜிட்டல் கையொப்ப டோக்கனுக்கான மென்பொருள் என்று யார் வேண்டுமானாலும் எதையாவது எழுதி வைத்திருப்பார்கள். ஓடுகிற சிஸ்டம் ஒன்று, பிரதி எடுத்த சிஸ்டம் ஒன்று என்று ஆகிவிட்டால் நடுவில் எழுதியவை எங்கே போகும்? போனில் சிஸ்டம் பகுதி வாசிக்க மட்டும், யாரும் தொட முடியாது. மேக்கில் 2020இன் பிக் சர் பதிப்பிலிருந்து சிஸ்டம் பகுதி கையொப்பமிட்ட, தொட முடியாத ஒன்று. லினக்ஸில் ஃபெடோரா சில்வர்புளூ போன்றவை இதே பாதையில் போகின்றன. நிறுவியது அடுத்த ரீஸ்டார்ட்டில்தான் நடப்புக்கு வரும், பிடிக்கவில்லை என்றால் பூட் மெனுவில் பழையதைத் தேர்ந்தெடுக்கலாம். வேண்டியதை வேண்டிய இடத்தில் எழுதும் பழைய சுதந்திரம் போய்விடுகிறது என்று டெர்மினல்_தம்பி போன்றவர்கள் வருத்தப்படுவார்கள். நியாயமான வருத்தம்தான்.

ரீஸ்டார்ட்டே இல்லாமல் செய்வதும் உண்டு. ஓடும் கர்னலையே ஒட்டுப்போடும் வசதி 2015இல் லினக்ஸ் 4.0இல் சேர்ந்தது. விண்டோஸ் 11 நிறுவனப் பதிப்புக்கு 2025இல் ஹாட்பேட்ச் வந்தது, மூன்று மாதத்துக்கு ஒரு ரீஸ்டார்ட் போதும். பள்ளி லேப்புக்கு இவை இப்போதைக்கு எட்டாத உயரம்.

#18 டெர்மினல்_தம்பி

வருத்தம்தான் அண்ணா. ஆனால் அம்மாவின் லேப்டாப்புக்கு சில்வர்புளூ போடலாம் என்று தோன்றுகிறது. என்னுடையது என்னிஷ்டம்.

#19 டேட்டா_பேக்

தரவிறக்கம் ஆளுக்குத் தெரியக் கூடாது என்று செர்வர் ரூம் எளிதாகச் சொல்லிவிட்டார். போன் ஹாட்ஸ்பாட்டில் ஓடும் வீட்டில் அது தெரியும். ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி பேக், காலை பத்து மணிக்கே தீர்ந்தது என்று மெசேஜ் வந்தால் குற்றவாளி யார் என்று தேட வேண்டியதில்லை. வைஃபை அமைப்பில் 'மீட்டர்டு' (அளவு பார்த்துச் செலவிட வேண்டிய இணைப்பு) என்று குறித்துவைத்தால் விண்டோஸ் பெரும்பாலும் அடங்கிவிடும். நோமிலும் அதே பெயரில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. ஹாட்ஸ்பாட் என்று கண்டால் ஓஎஸ்ஸே முதலில் ஒரு முறை கேட்டுவிடலாம்.

லேப்புக்கு ஒரு யோசனை. விண்டோஸில் டெலிவரி ஆப்டிமைசேஷன் என்று உண்டு. ஒரு மெஷின் இறக்கியதை அதே நெட்வொர்க்கில் உள்ள மற்றவை அதனிடமிருந்தே வாங்கிக்கொள்ளும். உபுண்டு பக்கம் ஆப்ட்-கேச்சர்-என்ஜி அதே வேலையைச் செய்யும். பள்ளி இணைப்பு பிழைக்கும்.

#20 லேப்_வாத்தியார்

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. (சண்டையும் வரவில்லை!)

ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது. கடைசி முடிவு யாருடையது? ஆடிட்டர் சார் தடை நாட்களைத் தானே சொல்ல வேண்டும் என்கிறார். பென்டியம் அண்ணன் எல்லாமே தன் முடிவு என்கிறார். வார்டு_ஐடி பக்கத்து வார்டைப் பற்றிச் சொன்னது சரியாகப்படுகிறது. லேப்பில் ஒரு மெஷினில் புழு புகுந்தால் எல்லாவற்றிலும் புகும்.

#21 வார்டு_ஐடி

நேரம் பயனாளியுடையது, கெடு ஓஎஸ்ஸுடையது. அப்படித்தான் நான் வைத்திருக்கிறேன். குரோம் முன்பு செய்த விதம் எனக்குப் பிடிக்கும். புதிய பதிப்பு பின்னணியில் தயாராகிவிடும், ரீலாஞ்ச் செய்யும்வரை மூலையில் ஒரு அம்புக்குறி. இரண்டு நாள் வரை பச்சை, நான்கு நாளில் ஆரஞ்சு, ஒரு வாரத்தில் சிவப்பு. கத்தாது, மறைக்காது, ஆனால் நாள் போகிறது என்று காட்டிக்கொண்டே இருக்கும். உபுண்டுவில் ஆப்களை நிறுவும் ஸ்னாப் முறையில் நீங்கள் அந்த ஆப்பைத் திறந்துவைத்திருந்தால் மூடும்வரை பொறுக்கும், 14 நாள் வரை. அதன் பிறகு பொறுக்காது.

#22 பழைய_பென்டியம்

பதினைந்தாவது நாள் என் மகளுக்கு ஆன்லைன் நேர்காணல் இருந்தால்? கெடு முடிந்தால் நெட்டை வேண்டுமானால் துண்டிக்கட்டும், எச்சரிக்கையைத் திரை முழுக்கப் போடட்டும். ஓடிக்கொண்டிருக்கும் வேலையை மூடும் அதிகாரம் அதற்கு எந்த நாளிலும் வேண்டாம். இதில் நான் மாற மாட்டேன்.

#23 வார்டு_ஐடி

நேர்காணல் நடக்கும்போது நெட்டைத் துண்டித்தால் மட்டும் என்ன வாழ்கிறது அண்ணா! சரி, உங்கள் பக்கம் ஒரு படி வருகிறேன். கேமராவோ மைக்கோ ஓடும்போது, முழுத் திரையில் ஏதாவது நடக்கும்போது, கெடு முடிந்திருந்தாலும் தொடக் கூடாது. அதைக் கண்டுபிடிப்பது ஓஎஸ்ஸுக்குப் பெரிய வேலை இல்லை.

#24 லேப்_வாத்தியார்

எழுதிவிட்டேன். பார்த்துச் சொல்லுங்கள்.

தரவிறக்கம் மதிய உணவு இடைவேளையில், ஆசிரியர் மெஷின் வழியாக மற்றவற்றுக்கு. இரண்டாவது செவ்வாய்க்கு மறுநாள் ஆசிரியர் மெஷினில் மட்டும் நிறுவிப் பார்ப்பது. பத்து நாள் அதில் பாடம் நடத்தி, அச்சுப்பொறியும் ப்ரொஜெக்டரும் ஒழுங்காக இருந்தால், மாதத்தின் நான்காவது சனிக்கிழமை காலை மற்ற எல்லாவற்றிலும். நான் இருக்கும்போது, யுபிஎஸ் ஏறியிருக்கும்போது. முடிவில் ரீஸ்டார்ட் பொத்தான், ஷட்டவுன் இல்லை. பிரவுசர் மட்டும் இந்த விதிக்கு விலக்கு, அது வந்த அன்றே. செய்முறைத் தேர்வு வாரத்தில் எதையும் தொடுவதில்லை.

#25 செர்வர்_ரூம்

நன்றாக இருக்கிறது ஐயா. இரண்டு சேர்க்கை. பயாஸ் (ஓஎஸ்ஸுக்கு முன்பே ஓடும் போர்டின் அடிப்படை நிரல்) அப்டேட் அந்தப் பட்டியலில் தானாக வந்தால் அதைத் தனியாக எடுத்துவையுங்கள், ஓஎஸ் பாதியில் நின்றால் மறுபடி நிறுவலாம், பயாஸ் பாதியில் நின்றால் சில போர்டுகள் எழாது. அப்புறம், ஓட்டையை வைத்து ஏற்கெனவே தாக்குதல் நடக்கிறது என்று செய்தி வந்தால் பத்து நாளையும் சனிக்கிழமையையும் பார்க்க வேண்டாம், அன்று மாலையே போடுங்கள். அந்த ஒரு வரியை விதியிலேயே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் பிறகு அனுமதி வாங்கவே ஒரு வாரம் போகும்.

#26 லேப்_வாத்தியார்

இரண்டையும் சேர்த்தாயிற்று. நான்காவது சனிக்கிழமை தேர்வு வாரத்தில் விழுந்தால்?

#27 ஆடிட்டர்_ஆபீஸ்

தேர்வு முடிந்த அன்று மாலை. அடுத்த மாதத்துக்குத் தள்ளாதீர்கள் சார், அடுத்த மாதமும் ஏதாவது இருக்கும். விதிமுறையை இங்கேயே முழுதாகப் போட்டால் எங்கள் ஆபீஸுக்கும் எடுத்துக்கொள்கிறேன், தேதிகளை மட்டும் மாற்றி.